நம்ம தெருவுல காப்பகம் வருதாமே! பேச்சுல பண்ணக்கூடாத தப்புங்க

சென்னையில ஏதோ ஒரு பழைய மாநகராட்சி கட்டடம் வீடில்லாதவங்க காப்பகமா மாறப்போகுதுன்னு காதுல விழுந்தா போதும், அன்னைக்கு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் க்ரூப் தூங்காது. இதுல ஆதரவா பேசுறவங்களே பல சமயம் காரியத்தை கெடுத்துடறாங்க.

எப்படின்னா, எடுத்த எடுப்புலேயே "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா"ன்னு கேட்டுடறது. எதிர்வீட்டு மாமி அதோட பேச்சை நிறுத்திடுவாங்க, ஆனா கவுன்சிலருக்கு போற எதிர்ப்பு மனுவுல மொத கையெழுத்து அவங்களோடதா தான் இருக்கும். அவங்க கவலை என்ன, குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணா யாரை கேக்கறது, பொண்ணு ட்யூஷன் முடிச்சு எட்டரைக்கு வருதே, இவ்வளவுதான். அதுக்கு பதில் இருக்கு. மாநகராட்சிக்காக இதை பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனம் தான் நடத்தும், பொறுப்பாளர்னு ஒருத்தர் இருப்பாரு, அவர் நம்பரை வாங்கி மாமிகிட்ட குடுங்க. வரப்போறது யாருக்கான காப்பகம்னும் விசாரிங்க, ஆம்பளைங்களுக்கு, பொம்பளைங்களுக்கு, குழந்தைங்களுக்கு, மனநலம் பாதிச்சவங்களுக்குன்னு தனித்தனியா இருக்கு, அரசு ஆஸ்பத்திரியில நோயாளிக்கு துணைக்கு வந்தவங்க தங்கறதுக்குன்னே கூட இருக்கு. "ஒரு பிரச்சனையும் வராதுங்க"ன்னு மட்டும் வாக்கு குடுத்துடாதீங்க, நாளைக்கு ஒரு சின்ன சண்டை நடந்தாலும் உங்க பேர்ல தான் எழுதுவாங்க.

"ஏன் நம்ம தெருதான் கிடைச்சுதா"ன்னு கேப்பாங்க. பெரிய நகரங்கள்ல லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருஷம் பூரா 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, யாரோ நம்ம மேல காட்ற ஓரவஞ்சனை இல்ல.

இன்னொன்னு, எல்லாரையும் பிச்சைக்காரங்கன்னு ஒரே கணக்குல சேக்கறது. பாரிமுனை பக்கம் பிளாட்பாரத்துலயே தலைமுறை தலைமுறையா இருக்கற குடும்பங்கள பாருங்க, பூ கட்டுவாங்க, மூட்டை தூக்குவாங்க, மீன்பாடி வண்டி ஓட்டுவாங்க. "அதான் காப்பகம் இருக்குல்ல, போகவேண்டியதுதானே"ன்னு நாம ஈஸியா சொல்லிடறோம். புருஷன் ஒரு காப்பகம் பொண்டாட்டி ஒரு காப்பகம்னா குடும்பம் எப்படிங்க போகும், வண்டிய எங்க நிறுத்தறது, விடியக்காலைல லோடு வந்தா அங்கிருந்து எப்படி ஓடி வர்றது?

தூங்கறவங்கள போட்டோ எடுத்து க்ரூப்ல போடறது இருக்கே, அது எனக்கு சுத்தமா பிடிக்காது. அடுத்தவங்க படுக்கையறைய எட்டிப்பாத்து போட்டோ எடுப்போமா?

மனநிலை சரியில்லாம ஒருத்தர் சுத்திட்டிருந்தா போலீஸுக்கு போன் பண்றது தப்பில்ல, "துரத்தி விடுங்க"ன்னு சொல்றதுதான் தப்பு. 2017 மனநல சட்டப்படி அவங்கள பாதுகாப்பா கூட்டிட்டு போய் 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனையில காட்டணும், லாக்கப்ல வைக்கக்கூடாது. ஆதரவில்லாம தவிக்கறது குழந்தைன்னா 1098, வயசானவங்கன்னா 14567, இந்த உதவி எண்களுக்கு போன் பண்ணுங்க. போன் பண்ணும்போது "எங்க தெருவுல"ன்னு மொட்டையா சொல்லாம எந்த பஸ் ஸ்டாப், எந்த கடை வாசல்னு சொல்லுங்க, இல்லேன்னா வர்றவங்க தேடிப்பாத்துட்டு திரும்பி போயிடுவாங்க.