வெளியூர் போனால் அந்த ஊர்ச் சந்தைக்கும் போய் வாருங்கள்: எப்படி, எப்போது, என்ன வாங்கலாம்

ஊர் சுற்றக் கிளம்பினால் கோயில், அருவி, பிரியாணிக் கடை என்று பட்டியல் போடுகிறோம் இல்லையா, அதில் அந்த ஊர்ச் சந்தையையும் சேர்த்துவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் போதும். லாட்ஜில் மற்றவர்கள் குளித்து முடிப்பதற்குள் திரும்பிவிடலாம்.

முதலில் நீங்கள் போவது எந்த மாதிரிச் சந்தை என்று தெரிந்துகொள்ளுங்கள். கோயம்பேடு, ஒட்டன்சத்திரம் மாதிரி மொத்த மார்க்கெட்டுகள் வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மூட்டைக் கணக்கில் வியாபாரம் ஓடும் இடத்தில் அரைக் கிலோ கேட்டு நிற்பது அவர்களுக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. பயணிக்குச் சரிப்பட்டு வருவது உழவர் சந்தையும் வாரச்சந்தையும்தான்.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில், கலைஞர் ஆட்சியில் தொடங்கியது. இப்போது கோவை ஆர்.எஸ்.புரம், ஈரோடு சம்பத் நகர், திருச்சி தென்னூர், சேலம் சூரமங்கலம் என்று பல ஊர்களில் இருக்கிறது. அடையாள அட்டை உள்ள விவசாயிதான் உள்ளே விற்க முடியும். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள். அன்றன்றைய விலையை மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் வைத்து நுழைவாயில் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். உள்ளே போகுமுன் அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும், பேரம் பேச வேண்டிய வேலையே இல்லை. தயவுசெய்து அங்கே போய் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள். ஆறு ஏழு மணிக்குப் போனால்தான் சந்தை. ஒன்பதரைக்கு மேல் போனால் வாடின கீரையும் மூக்குடைந்த கத்திரிக்காயும்தான் மிஞ்சும்.

வாரச்சந்தை வேறு மாதிரி. எந்தக் கிழமை என்பது ஊருக்கு ஊர் மாறும், கொடைக்கானலில் ஞாயிறு. மற்ற ஊர்களுக்கு இணையத்தில் தேடுவதைவிட பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்பது நல்லது, கேட்ட கையோடு வழியும் சொல்லிவிடுவார்கள். இங்கே விவசாயியும் வியாபாரியும் கலந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே கடையில் கேரட்டும் முருங்கைக்காயும் சேர்ந்து இருந்தால் அது வியாபாரி, ஏனென்றால் ஒன்று மலையில் விளைவது, இன்னொன்று சமவெளியில் விளைவது, இரண்டையும் ஒரே தோட்டத்தில் பறித்திருக்க வழியில்லை. சாக்கை விரித்து அவரைக்காய், நாலு பூசணி, ஒரு கட்டு கறிவேப்பிலை என்று மட்டும் வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் அங்கே போங்கள். வியாபாரி தப்பானவர் என்று சொல்லவில்லை, ஆனால் எப்போது பறித்தது, எப்படிச் சமைப்பது என்று அந்தப் பாட்டியிடம்தான் கேட்க முடியும்.

பல இடங்களில் எடை கிடையாது, கூறு கட்டித்தான் வைத்திருப்பார்கள். “கூறு என்ன விலைங்க்கா?” என்று கேளுங்கள், கூறைக் கலைத்துப் பொறுக்காதீர்கள். விலையைக் குறைக்கச் சொல்வதைவிடக் கொசுறு கேட்பது நல்லது, ஒரு கை பச்சை மிளகாயோ கொத்தமல்லியோ சிரித்துக்கொண்டே போடுவார்கள். ஜிபே எல்லா இடத்திலும் வந்துவிட்டது, ஆனாலும் பத்து இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். அந்தப் பாட்டியிடம் ஐந்நூறை நீட்டினால் சில்லறைக்கு அவர் எங்கே போவார்? முகத்துக்கு நேராக செல்போனை நீட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, என்ன வாங்குவது? லாட்ஜில் அடுப்பு இல்லை, அதனால் அங்கேயே தின்பதற்குப் பழம், வெள்ளரி, அவித்த கடலை. ஊருக்குக் கொண்டுபோக, கெடாத பொருள். கொடைக்கானல் பக்கம் போனால் மலைப்பூண்டை விட்டுவிடாதீர்கள், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது அது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிறது. பல் சின்னதாக இருக்கும், காரமும் வாசனையும் தூக்கும், காற்றாட வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். பெரிய பெரிய வெள்ளைப் பல்லாக, கையில் எடுத்தால் வாசனையே இல்லாமல் இருந்தால் அது வேறு பூண்டு, மலையில் விற்றாலும் மலைப்பூண்டு ஆகாது. பட்டர் ஃப்ரூட் கல் மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்கி நியூஸ்பேப்பரில் சுற்றி வையுங்கள், வீட்டுக்குப் போய் நாலைந்து நாளில் பழுத்துவிடும். திண்டுக்கல் வழியாகத் திரும்பினால் சிறுமலை வாழைப்பழம் கிடைக்கிறதா என்று பாருங்கள். தோல் கறுத்துச் சுருங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம், உள்ளே சதை கெட்டியாக, கொஞ்சம் புளிப்போடு நன்றாகவே இருக்கும். மதுரையில் மல்லிகைப்பூ வாங்குவதென்றால் ஊர் திரும்பும் நாளில், மொட்டாகப் பார்த்து, வாழை இலையில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் விலை கேட்டு மயக்கம் போடாதீர்கள்.

கீரை, தக்காளி இரண்டையும் ஆசைப்பட்டு வாங்கிக் காரில் அடைக்காதீர்கள், மதியத்துக்குள் காரே நாறிவிடும். துணிப்பை இரண்டு மூன்று வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கு இது கட்டாயம், வழியில் சோதனை போட்டு பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.