காலணிப் பெட்டியில் கிறிஸ்துமஸ் பரிசு: முதன்முறை நிரப்புபவர்களுக்கு

வசதியற்ற பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு அனுப்ப, பல நாடுகளில் கிறிஸ்தவத் தன்னார்வலர்கள் கையாளும் எளிய வழி, காலணிப் பெட்டி ஒன்றில் சிறு பரிசுகளை நிரப்பி அனுப்புவது. 1990-இல் வேல்ஸின் ரெக்ஸம் நகரைச் சேர்ந்த டேவ் குக், ஜில் குக் தம்பதியர் ருமேனியாவின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு லாரிகளில் பரிசுகளைக் கொண்டுபோனார்கள். 1993-இல் சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறிஸ்தவ உதவி அமைப்பு அந்த ஊழியத்தை ஏற்றுக்கொண்டது. 'ஆபரேஷன் கிறிஸ்துமஸ் சைல்டு' என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது. உங்கள் திருச்சபை வேறு அமைப்பு வழியாக அனுப்பினாலும் வேலை ஏறக்குறைய இதேதான். விதிகளை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

ஆணா, பெண்ணா? வயது 2–4, 5–9, 10–14 ஆகியவற்றில் எது? கடைக்குப் போகும் முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். குட்டிக் குழந்தைகளுக்கான பொம்மைகள் கண்ணைப் பறிப்பதால் எல்லோரும் அந்தப் பக்கமே சாய்கிறார்கள். பெரிய பையன்களுக்கான பெட்டிகள்தான் பெரும்பாலும் குறைவாகச் சேரும். தயக்கமாக இருந்தால் அவர்களையே தேர்ந்தெடுங்கள்.

படி 2: பெட்டி

சாதாரண அட்டைப் பெட்டி போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி என்றால் பிள்ளைக்குப் பின்னாளிலும் பயன்படும்.

படி 3: ஒரு பெரிய பொருள்

பெட்டியைத் திறந்ததும் பிள்ளை முதலில் கையில் எடுக்கும் பொருள் ஒன்று இருக்கட்டும். இதை முதலில் வைத்துவிட்டு மற்றவற்றைச் சுற்றிலும் அடுக்குங்கள். கால்பந்து அருமையான தேர்வு. ஊதிய பந்து பெட்டிக்குள் அடங்காது என்பதால் காற்றை இறக்கி, தட்டையாக்கி, கிண்ணம் போலக் குழித்து வையுங்கள். அந்தக் குழிக்குள் காலுறைகளைச் சுருட்டி வைக்கலாம். கூடவே கையால் அடிக்கும் சிறிய பம்பும், அதற்கான ஊசியும் கட்டாயம் வேண்டும். ஊசி இல்லாமல் போகும் பந்தால் யாருக்கும் பயனில்லை. ஊசி தொலைந்துபோகாமல் இருக்க அதைப் பம்போடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பந்து வேண்டாம் என்றால் துணிப் பொம்மை, ஸ்கிப்பிங் கயிறு, சிறிய கருவிப் பெட்டி என்று யோசிக்கலாம்.

படி 4: இடைவெளியை நிரப்புங்கள்

நோட்டு, பென்சில், ஷார்ப்னர், வண்ணப் பென்சில், பல் துலக்கும் பிரஷ், சீப்பு, சிறிய துண்டு. கட்டிச் சோப்பை உறைக்குள் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் நோட்டெல்லாம் சோப்பு வாசனை அடிக்கும். எல்லாமே புதிதாக இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும் வாய்ப்பாக இதை எண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

படி 5: வைக்கக் கூடாதவை

சாக்லேட், மிட்டாய் உள்ளிட்ட உணவுப் பொருட்கள், பற்பசை, ஷாம்பு போன்ற திரவங்கள், கண்ணாடிப் பொருட்கள். சில உருகும், சில கசியும், சில உடையும். சில சுங்கத்திலேயே நின்றுவிடும். பொம்மைத் துப்பாக்கியும் போர் வீரர் பொம்மைகளும் வேண்டாம். பெட்டியைப் பெறும் பிள்ளை போரை நேரில் கண்டவனாக இருக்கக்கூடும்.

படி 6: கடிதம்

நான்கைந்து வரி போதும். உங்கள் பெயர், உங்களுக்குப் பிடித்த விளையாட்டு, அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கிறீர்கள் என்ற செய்தி. உங்கள் வீட்டுச் சிறுவர்கள் ஓர் ஓவியம் வரைந்தால் இன்னும் நல்லது. அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். பல பெட்டிகள் கிறிஸ்துமஸ் முடிந்து சில மாதங்கள் கழித்தே கைக்குப் போய்ச் சேருகின்றன. ஆகவே 'நாளை கிறிஸ்துமஸ்' என்பது போன்ற வரிகளைத் தவிருங்கள்.

படி 7: மூடுங்கள், ஒப்படையுங்கள்

பளபளப்புத் தாள் சுற்ற ஆசையாக இருந்தால் மூடியைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் சுற்றுங்கள். டேப் ஒட்டி மூடாதீர்கள். அனுப்பும் முன் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சரிபார்ப்பார்கள். ஒரு ரப்பர் பேண்ட் போதும். வயது, ஆண் அல்லது பெண் என்று குறித்த லேபிளை மூடியின் மேல் ஒட்டுங்கள். அமெரிக்காவில் நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே பெட்டிகளைச் சேகரித்துவிடுகிறார்கள். உங்கள் திருச்சபையின் கடைசி நாள் எது என்று அக்டோபரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.