பேஸ் கிதாருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கும் முன்

என் முதல் பெட்டியை உறையூரில் ஒரு தச்சர் செய்து கொடுத்தார். முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, உள்ளே 15 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, வெளியே கறுப்பு ரெக்சின். பீரோ செய்து பழகிய கை அவருடையது. பெட்டியும் பீரோ மாதிரிதான் வந்தது. தூக்க நான்கு பேர் வேண்டும். எங்கள் மெல்லிசைக் குழு கச்சேரிக்குக் கிளம்பும்போது குட்டி யானை வண்டியில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் அதுதான். சத்தத்துக்குக் குறைவில்லை, மேடைப் பலகை அதிரும். ஆனால் நான் என்ன சுரம் வாசிக்கிறேன் என்பது பக்கத்தில் நிற்கும் கீபோர்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ‘கும்’ என்று ஒன்று வரும், அவ்வளவுதான்.

எட்டு வருடம் அதைச் சுமந்தேன். அதன்பின் நான்கு பெட்டி மாற்றிவிட்டேன். இப்போது புதிதாக பேஸ் வாசிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை வாட்ஸ் வாங்கலாம் அண்ணே?” என்பதுதான். வாட்ஸுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் பெட்டியை யார் கேட்கப்போகிறார்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

திருவிழா மேடையில் உங்கள் பெட்டியைக் கூட்டம் கேட்பதில்லை. மைக்செட்காரர் உங்கள் ஆம்ப்ளிஃபயரிலிருந்தோ டிஐ பெட்டியிலிருந்தோ (கிதாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் கையளவு கருவி) ஒரு வயரை மிக்சருக்கு எடுத்துப்போய்விடுவார். மைதானத்துக்குக் கேட்பது அவருடைய ஸ்பீக்கர் அடுக்கில். உங்கள் பெட்டி உங்களுக்கும், டிரம்ஸ்காரருக்கும், பாடுகிறவருக்கும் மட்டும். கல்யாண மண்டப வரவேற்பில் கதை வேறு. அங்கே பல நாள் இரண்டே இரண்டு ஸ்பீக்கரில் பாட்டை மட்டும் விடுவார்கள்; மண்டபம் முழுவதற்கும் பேஸைக் கொண்டுபோவது உங்கள் பெட்டியின் வேலை. ஒரு வருட டைரியை எடுத்து எது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு மூன்றில் இரண்டு பங்கு மண்டபம். அதை எண்ணாமல் மைதானத்துக்கு என்று பெட்டி வாங்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவன் நான்.

அடுத்தது ஆழம். நான்கு தந்தி பேஸில் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. ஐந்து தந்தி என்றால் கீழே உள்ள பி தந்தி 31 ஹெர்ட்ஸ். உடனே ‘30 ஹெர்ட்ஸ் வரை போகும் பெட்டி வேண்டும்’ என்று தேடத் தோன்றும். தேட வேண்டாம். தந்தியை மீட்டும்போது 41 மட்டும் வருவதில்லை. 82, 123 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. காது சுரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான். ஆம்பெக் நிறுவனம் 1969இல் எஸ்விடி என்ற 300 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. அதோடு சேர்ந்து பேர் வாங்கிய, 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு உள்ள பெட்டியை உலகமெங்கும் ‘ஃப்ரிட்ஜ்’ என்றுதான் சொல்கிறார்கள். உயரமும் அப்படி, 60 கிலோவைத் தாண்டும் எடையும் அப்படி. அந்தப் பெட்டியிலேயே 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் 3 டெசிபெலுக்கு மேல் இறங்கிவிடுகிறது (டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). அதை வைத்துத்தான் பெரிய பெரிய அரங்குகளில் வாசித்தார்கள். யாரும் ஆழம் போதவில்லை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நம் மேடைக்கு இது இன்னும் பொருந்தும். 80களின் இளையராஜா பாடல்கள் இல்லாமல் எங்கள் பக்கம் கச்சேரி கிடையாது. அவற்றில் பேஸ் ஒரே சுரத்தில் நின்று தாளம் போடுவதில்லை; பாடகர் ஒரு மெட்டில் போனால் அது கீழே இன்னொரு மெட்டில் நடக்கும். அந்த நடை கேட்க வேண்டுமானால் சுமார் 100 ஹெர்ட்ஸிலிருந்து 800 வரை பெட்டி தெளிவாக இருக்க வேண்டும். வெறும் ‘கும்’ போதுமென்றால் அதற்கு குச்சியால் தட்டும் ரிதம் பேட் இருக்கிறது.

சின்னதாக இருக்க வேண்டும், ஆழமும் வேண்டும், சத்தமும் வேண்டும் என்று கேட்பவரிடம் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை ஒலிப்பொறியாளர்கள் ஹாஃப்மன் விதி என்கிறார்கள்: மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். கையடக்கப் பெட்டி 35 ஹெர்ட்ஸ் வரை போகிறது என்று விளம்பரம் சொன்னால், சத்தத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது அந்த 35, 10 டெசிபெல் இறங்கிய இடத்தில் எடுத்த கணக்காக இருக்கும். விவரத்தாளில் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் டெசிபெல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத எண்ணை நான் நம்புவதில்லை.

இப்போது வாட்ஸ். பெட்டியின் பின்னால் 300 வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது சத்தத்தின் அளவல்ல. ஸ்பீக்கரின் சுருள் எவ்வளவு சூடு தாங்கும் என்பதன் அளவு. சத்தத்தைச் சொல்லும் எண் வேறு: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது. இதில் 3 டெசிபெல் கூடினால் ஆம்ப்ளிஃபயரின் சக்தி இரட்டிப்பானதற்குச் சமம். 94 டெசிபெல் பெட்டிக்கு 400 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம், 100 டெசிபெல் பெட்டியில் 100 வாட்ஸிலேயே வந்துவிடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 300ஐ விட்டு 500 வாங்கினால் தூக்கிக்கொண்டு போகும் என்று நினைத்துக் காசைப் போடாதீர்கள்.

சூடு ஒரு எல்லை என்றால், ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் போய்வரும் தூரம் இன்னொரு எல்லை. தாழ்ந்த சுரத்தில் கூம்பு அதிகம் நகர வேண்டும். எழுதியிருக்கும் வாட்ஸில் பாதிகூடப் போகும் முன் அந்த எல்லை வந்துவிடலாம். ‘பட் பட்’ என்று அறைவது போலக் கேட்டால் அதுதான். முன்பக்கம் ஓட்டை வைத்த பெட்டிகளில், அவை சுருதி சேர்த்திருக்கும் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்துக்கொள்ளும் காற்றே இருக்காது. ஆம்ப்ளிஃபயரில் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடும் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்பீக்கருக்குத் தெரியும்.

ஓம் என்பது ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் மின்சாரத்துக்குப் பெட்டி காட்டும் தடையின் அளவு. அந்தக் கணக்கை நான் மேடையில் கற்றுக்கொண்டேன். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடைக் கச்சேரி. பெரிய மைதானம் என்று நண்பரிடம் இரண்டாவது பெட்டியை இரவல் வாங்கிப் போயிருந்தேன். என்னுடையது 4 ஓம், அவருடையதும் 4 ஓம். இரண்டையும் சேர்த்து மாட்டினால் 2 ஓம். என் ஆம்ப்ளிஃபயர் 4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாதது. மூன்றாவது பாட்டில் அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. மீதிக் கச்சேரிக்கு மைக்செட்காரரின் மானிட்டரில் காதை வைத்து வாசித்தேன். அன்றிலிருந்து 8 ஓம் பெட்டி மட்டும்தான் வாங்குகிறேன். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களுக்கு அது நிம்மதி. தனியாக ஒரு 8 ஓம் பெட்டி மாட்டும்போது 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் சுமார் 250, 300தான் தரும். இரண்டாவதைச் சேர்த்தால் முழுச் சக்தியும் வரும், ஸ்பீக்கர் பரப்பும் இரட்டிக்கும், ஏறக்குறைய 5, 6 டெசிபெல் கூடும்.

எனவே என் சிபாரிசு இதுதான்: 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள 8 ஓம் பெட்டி, அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு. இப்போதைக்குக் காசு இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள், அடுத்த கல்யாண சீசனில் இன்னொன்று. ஒத்திகைக்கும் சின்ன மண்டபத்துக்கும் ஒன்று போதும். 10 அங்குலம் இரண்டு உள்ள பெட்டியும் நல்லதே. 10 நான்கு உள்ளது இன்னும் சத்தம் தரும், ஆனால் இரண்டாம் மாடி மண்டபத்துக்கு ஏற்றிப் பாருங்கள். ‘15 என்றால் ஆழம், 10 என்றால் துள்ளல்’ என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். பெட்டியின் கொள்ளளவும் ஸ்பீக்கரின் தன்மையும்தான் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. 15 ஒன்று, 10 இரண்டு என்று கலந்து அடுக்குவது எங்கள் பக்கம் ஒரு நாகரிகம். நானும் செய்தேன். சில சுரங்களில் இரண்டும் கைகோத்தன, சில சுரங்களில் ஒன்றை ஒன்று தின்றன.

இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் மேல் ஒலிகள் நேர் எதிரே நிற்பவருக்கு மட்டும் கேட்கும், ஓரத்தில் இருக்கும் பாடகருக்கு மங்கிவிடும். மேலே அடுக்கினால் இடமும் வலமும் பரவும், மேல் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலைவிட்டுக் காதை நோக்கி ஏறும். பின்னால் சுவர் இருந்தால் ஒட்டி வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 43 ஹெர்ட்ஸ் அருகில் முன்னால் போவதை அழிக்கிறது. ஈ தந்தி குடியிருப்பதே அங்கேதான். சவுக்குக் கட்டை மேல் பலகை பரப்பிய மேடையில் இன்னொரு தொல்லை: பலகையே பறையாகிவிடும், தபலா மைக் அந்த அதிர்வை வாங்கி ஊளையிடும். பெட்டிக்குக் கீழே தடித்த ஃபோமை மடித்து வைத்தால் தபலாக்காரர் உங்களோடு பேசுவதை நிறுத்தமாட்டார்.

எடையைப் பொறுத்தவரை நியோடிமியம் காந்தம் உள்ள ஸ்பீக்கர் விலை கூடுதல், ஆனால் பழைய ஃபெரைட் காந்தத்தைவிட வெகு லேசு. இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மரம் ஒட்டுப்பலகையாக இருக்கட்டும். மரத்தூள் பலகை ஒரு ஐப்பசி மழையில் நனைந்தால் ஓரமெல்லாம் பொரியாக உப்பி உதிரும். ஸ்பீக்கான் சாக்கெட் உள்ள பெட்டியையே எடுங்கள், அது திருகிப் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை பாடகருக்குப் பொன்னாடை போர்த்த வந்த பிரமுகரின் கால் வயரில் மாட்டி என் பிளக் பிடுங்கிக்கொண்டது, அவர் கவனிக்கவே இல்லை. இன்னொன்று, கிதார் வயர் ஸ்பீக்கர் வயரைப் போலவே தெரிந்தாலும் உள்ளே முடி போல மெல்லிசு. அதைப் பெட்டிக்கு மாட்டினால் வயர் சூடாகும், ஆம்ப்ளிஃபயருக்கும் ஆபத்து.

கடைக்கு உங்கள் கிதாரையும், முடிந்தால் உங்கள் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுபோங்கள். பெட்டியில் மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள், அதன் பளபளப்பு கடையில் மயக்கும். டோன் குமிழ்களை நடுவில் நிறுத்திவிட்டு, ஈ தந்தியில் ஒவ்வொரு கட்டமாக மெதுவாக ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் மற்றவற்றை மீறிப் பாய்ந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கடையில் பாய்வது மண்டபத்தில் குதிக்கும். நீங்கள் வாசித்தால் போதாது, கூட வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு ஐந்தாறு அடி தள்ளி நின்றும், ஓரத்தில் நின்றும் கேளுங்கள். பக்கப்பலகையை விரலால் தட்டுங்கள். பானை என்றால் கணீரென்று கேட்க வேண்டும்; பெட்டி கணீரென்றால் உள்ளே தாங்குகட்டை போதவில்லை.

பழைய பெட்டி என்றால் மல்டிமீட்டர் எடுத்துப்போங்கள். 8 ஓம் பெட்டி சுமார் 6 காட்டும், 4 ஓம் சுமார் 3. அது சரிதான், ஏமாற்று அல்ல. எதுவுமே காட்டவில்லையென்றால் சுருள் போய்விட்டது. இரண்டு உள்ளங்கையாலும் கூம்பைச் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுக் காட்டினால் உள்ளே இருக்கும் கூம்புகள் எல்லாம் ஒரே பக்கம் நகர வேண்டும். யாரோ ரிப்பேர் பார்த்து வயரை மாற்றி மாட்டியிருந்தால் ஒன்று வெளியே வரும், மற்றது உள்ளே போகும், பேஸ் மட்டும் மாயமாகிவிடும். அப்படி ஒரு பெட்டியை ‘வீக்’ என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். இரண்டு வயரை மாற்றிப் பற்றவைத்தேன், இன்றும் ஒத்திகை அறையில் ஓடுகிறது.

எல்லாம் பிடித்துவிட்டதா? பணம் கொடுக்கும் முன் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக் கடை வாசல்வரை நடந்து, படியிறங்கி, மறுபடி ஏறிவாருங்கள். கடைப் பையன் ஓடிவந்து கை கொடுப்பான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 10 மணிக்குப் போலீஸ் வந்து மைக்கை அணைக்கச் சொன்ன பிறகு, வயல் வரப்பு தாண்டி நிற்கும் வண்டிவரை அவன் வரப்போவதில்லை.