கோழிகள் ஏன் கூட்டுக்குள் போக மறுத்தன?

கொல்லைப்புறத்தில் ஆறு நாட்டுக்கோழி, ஒரு சேவல். விடியுமுன் கூவும், கீரைப் பாத்தியைக் கிளறும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். பேனைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

சித்திரையில் முட்டை குறைந்தது, கொண்டைகள் வெளுத்தன. பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. முட்டை எடுத்து வந்தால் எனக்கும் கை அரிக்கும். பகலில் இறகைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்தேன். கோழி உட்காரும் கட்டைக்கு அடியில், கடுகில் பாதிகூட இல்லாத சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. நசுக்கினால் ரத்தம். பகலில் மர இடுக்கில் பதுங்கி, இருட்டியதும் வந்து ரத்தம் குடிக்கிற ரகம்.

ஆக, மருந்து வேண்டியது கோழிக்கு இல்லை, கூட்டுக்கு. பழைய வைக்கோலை எரித்தேன். கட்டையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றினேன். இடுக்குகளில் சுண்ணாம்பைக் குழைத்து அடைத்தேன். சரி, முடிந்தது என்று இருந்துவிட்டேன். பத்தே நாளில் மறுபடி புள்ளிகள்! தப்பிய பேன் முட்டைகள் பொரித்து வளர ஒரு வாரம் போதும். அப்புறம் வாரம் ஒருமுறை என்று மூன்று தடவை அதே வேலை. பழைய டயருக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வைத்தேன். அதில் புரள்வதற்கு ஆறும் அடித்துக்கொள்கின்றன.

இப்போது ஆறு மணிக்கே வரிசையாகக் கூட்டுக்குள் போகின்றன. அம்மா மட்டும், கூட்டுப் பக்கம் போனவர்கள் குளிக்காமல் அடுப்படிக்குள் வரக்கூடாது என்கிறார், இன்னமும்.