வாசகர் வட்டத்தில் சேர்வது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

வாசகர் வட்டம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே புத்தகத்தை ஏழெட்டு பேர் அவரவர் வீட்டில் படித்துவிட்டு, மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது. மைக், பொன்னாடை எல்லாம் இருந்தால் அது நூல் வெளியீட்டு விழா, வேறு சங்கதி.

1. முதலில் உங்கள் பகுதி கிளை நூலகத்துக்குப் போய், "இங்க வாசகர் வட்டம் நடக்குதா சார்?" என்று கேளுங்கள். சில இடங்களில் பெயருக்குத்தான் இருக்கும். அப்படியென்றால் நாலு பேரைச் சேர்த்து நீங்களே தொடங்கலாம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் ஆட்கள் ஒன்றுகூட 2021 முதல் மெட்ரோ இருக்கிறது.

2. ஞாயிறு காலை மட்டும் வேண்டாம். காசிமேட்டில் மீன் வாங்கி, ஆய்ந்து, குழம்பு வைத்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடும்வரை நம் ஏரியாவில் யாரும் வரமாட்டார்கள். மாலை 5 மணி சரியாக இருக்கும். துறைமுகம், ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று ஷிப்டில் இருப்பவர்களைக் கேட்டுத் தேதி வையுங்கள்.

3. புத்தகம் 150 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நூலகத்தில் பெரும்பாலும் ஒரே பிரதிதான் இருக்கும். கைமாறிக் கைமாறி வருவதற்குள் மாதம் போய்விடும். என்னைக் கேட்டால், முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு சிறுகதை போதும்.

4. இதுதான் முக்கியம்: படிக்கும்போதே மூன்று துண்டுச் சீட்டு வையுங்கள். பிடித்த இடத்தில் ஒன்று, எரிச்சல் வந்த இடத்தில் ஒன்று, புரியாத இடத்தில் ஒன்று. நூலகப் புத்தகத்தில் பேனா வைக்காதீர்கள், ஓரத்தையும் மடிக்காதீர்கள். கூட்டத்தில் "கதை நல்லா இருந்துச்சு" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "42-ஆம் பக்கத்துல அந்தம்மா ஏன் கதவையே திறக்கல?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கோபம் என்பார், இன்னொருவர் பயம் என்பார், மூன்றாமவர் புத்தகத்தைப் பிடுங்கி அந்தப் பத்தியை உரக்கப் படிப்பார். அரை மணி நேரம் போவதே தெரியாது.

5. பாதிதான் படித்தீர்களா? பரவாயில்லை, போங்கள். ஆனால் முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்று சண்டைக்கு நிற்கக்கூடாது. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், "சரிண்ணா, அடுத்து அக்கா சொல்லட்டும்" என்று திருப்பிவிட ஓர் ஆள் வேண்டும். இலக்கியம் தெரிந்தவரைவிட, கூச்சமில்லாதவர் இதற்குத் தோது.

அடுத்த புத்தகத்தையும் தேதியையும் எழுந்திருக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அப்புறம் வாட்ஸப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், காலை வணக்கப் படம்தான் வரும்.