உலோகக் கண்ணாடியில் மின்காப்பு மாறிலி: அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலோகக் கண்ணாடி என்ற பெயரில் ‘கண்ணாடி’ இருப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இரும்பு 78, சிலிக்கான் 9, போரான் 13 என்ற அணு விகிதத்தில் உருக்கி, நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்த நாடா, அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதில் மட்டுமே கண்ணாடி. மின்சாரத்துக்கு அது உலோகம். மின்தடை எண் ஏறக்குறைய 130 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர், சிலிக்கான் எஃகைப் போல இரண்டு மூன்று மடங்குதான்.

இதை மறந்துவிட்டு 25 மைக்ரான் நாடாவின் இருபுறமும் வெள்ளிப் பசை தடவி, எல்சிஆர் மீட்டரில் (தூண்டல், மின்தேக்கு திறன், தடை அளக்கும் கருவி) மாட்டி, ‘மின்காப்பு மாறிலி பல லட்சம்’ என்று வரைபடம் போடுகிறார்கள். மின்காப்பு மாறிலி என்பது மின்கடத்தாப் பொருள் மின்புலத்தில் எவ்வளவு ஆற்றலைத் தேக்கும் என்று சொல்லும் எண். சென்னையில் எம்எஸ்சி, எம்டெக் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. மாதக்கணக்கான உழைப்பு அது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அந்த நாடாவின் குறுக்கே இருக்கும் தடை, ஒரு ஓமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. வயரும் பசையும் தரும் தடை அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. மீட்டர் காட்டுவது வயரையும் பசையையும் மேலே படிந்த ஆக்சைடையும்தான். நாடா அந்த எண்ணில் இல்லவே இல்லை.

சரி, அப்படியானால் எதை அளப்பது? நாடாவைப் பொடியாக்கி மெழுகிலோ எபாக்சிப் பிசினிலோ கலந்த கலவையை. நுண்ணலை உறிஞ்சும் பூச்சுகளுக்கு இந்தக் கலவையின் விடுதிறன்தான் வேண்டும் (மின்காப்பு மாறிலி என்பது வெற்றிடத்தோடு ஒப்பிட்ட விடுதிறனே). 10 கிகாஹெர்ட்ஸில் அலை இந்த உலோகத்துக்குள் ஐந்தாறு மைக்ரானுக்கு மேல் நுழையாது. அதனால் துகள் அதைவிடத் தடிமனாக இருந்தால் உட்பகுதி வெறும் எடை.

கலவையிலும் கண்ணிகள் உண்டு. ‘80 விழுக்காடு’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். உலோகத்தின் அடர்த்தி 7.2, மெழுகினுடையது 0.9. எடையில் 80 என்பது கன அளவில் மூன்றில் ஒரு பங்குதான். துகள்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்து விடுதிறன் சட்டென எகிறுவதைத் தீர்மானிப்பது கன அளவே.

செராமிக் பழக்கத்தில் பொடியை வில்லையாக அழுத்தி 600 டிகிரியில் சுடுபவர்களும் இருக்கிறார்கள். சுமார் 510 டிகிரியிலேயே படிகமாகிவிடும். அப்புறம் உங்கள் கையில் இருப்பது இரும்பும் போரைடும். உலோகக் கண்ணாடி அல்ல. படிகமாகவில்லை என்று உறுதிசெய்ய, அளப்பதற்கு முன்பும் பின்பும் எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு (எக்ஸ்ஆர்டி) எடுத்துவிடுங்கள்.

கலவையின் மேல் முனையை வைத்து அளக்கும் திறந்த முனை ப்ரோப் கையாள எளிது, ஆனால் பொருளுக்குக் காந்தத்தன்மை இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. நம்முடையதோ இரும்பு! அலையின் எதிரொளிப்பு, ஊடுருவல் இரண்டையும் அளந்து, விடுதிறனையும், காந்தப்புலத்துக்கான அதன் இணையான உட்புகுதிறனையும் சேர்த்தே பிரித்தெடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும். நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. பொடியில் கொஞ்சம் ஈரம் ஒட்டினாலும் எண் மாறும், துருவும் ஏறும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வையுங்கள்.

கடைசியாக, கலவையை வளையமாக வார்த்து, நடுவில் கம்பியும் சுற்றிலும் உலோகக் குழாயும் உள்ள கோஆக்சியல் தடத்துக்குள் பொருத்தி அளக்கும்போது, 7 மில்லிமீட்டர் வளையத்தின் உள்விட்டம் 3.04 மில்லிமீட்டர். உட்கம்பியை ஒட்டித்தான் மின்புலம் மிக வலுவானது. அங்கே மெல்லிய காற்று இடைவெளி விழுந்தாலும் விடுதிறன் குறைவாகத் தெரியும். உள்துளை தளர்ந்திருந்தால் மென்பொருளில் திருத்தம் போட்டுச் சமாளிக்க வேண்டாம். அச்சில் வேறு வளையம் வார்த்துவிடுங்கள்.