முன்சக்கரத்தைக் கேளுங்கள்: டிரெய்லருக்கு எடை பகிர்வு ஹிட்ச் தேவையா?

சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து மேட்டில் மிதித்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி முன்பே தெரியும். பின்னால் பாரம் அழுத்த அழுத்த ஹேண்டில் லேசாகும். ஒடித்தால் திரும்பாது, பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். கார் அல்லது ஜீப்பின் பின்னால் வீட்டு டிரெய்லரைக் கோர்க்கும்போது நடப்பதும் இதேதான்.

நானும் மச்சானும் மார்த்தாண்டம் அருகே ஒரு பட்டறையில் சிறிய டிரெய்லர் ஒன்றைக் கட்டினோம். இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர் டேங்க். அதே சமயத்தில் டெக்சாஸில் இருக்கும் அத்தான் பெரிய டிரெய்லர் ஒன்றை வாங்கிவிட்டு அழைத்தார். "கடைக்காரன் எடை பகிர்வு ஹிட்ச் கட்டாயம் வேண்டும் என்கிறான். வாங்கவா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்." நான் சொன்ன ஒரே வார்த்தை, "டேப்". அவர் சிரித்தார். ஆனால் அளக்கும் டேப்பை எடுத்து வந்தார்.

முதலில், அது என்ன செய்கிறது?

ஹிட்ச் என்பது வண்டியையும் டிரெய்லரையும் கோர்க்கும் கொக்கி. சாதாரணக் கொக்கியில் டிரெய்லரின் மூக்கு ஓர் உருண்டையின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எடை பகிர்வு ஹிட்சில் உருண்டைக்குக் கீழிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் புறப்பட்டு டிரெய்லரின் சட்டத்தோடு இழுத்துப் பூட்டப்படும். கோவில் சப்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்குகிற மூங்கில் விறைப்பாக இருந்தால் பாரம் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களின் தோள்களுக்குச் சமமாகப் போய்ச் சேரும். மூங்கில் நடுவில் தொய்ந்தால் தொய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் பாடு திண்டாட்டம். ஸ்பிரிங் கம்பிகள் அந்தத் தொய்வை விறைப்பாக்குகின்றன. ஜீப்பின் பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கு முன்சக்கரங்களுக்கும், இன்னொரு பங்கு டிரெய்லரின் சக்கரங்களுக்கும் நகர்கிறது. மொத்த எடை ஒரு கிலோகூடக் குறைவதில்லை. ஹிட்சே நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் இருப்பதால் உண்மையில் கொஞ்சம் கூடுகிறது. இதை மறந்துவிட்டு, "ஹிட்ச் போட்டால் வண்டியின் எல்லையைத் தாண்டி இன்னும் ஆயிரம் கிலோ இழுக்கலாம்" என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, காகிதங்களைப் படியுங்கள்

வண்டியின் கையேட்டில் மூன்று எண்கள் வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம், கொக்கியில் செங்குத்தாக எவ்வளவு இறங்கலாம், ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி எவ்வளவு சுமக்கலாம். கொக்கியில் இறங்கும் பாரம் அந்த மூன்றாவது கணக்கிலும் சேரும். பின் இருக்கையில் இரண்டு பேர் கூடுதலாக ஏறியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க பிக்கப்களில் கொக்கி மாட்டும் குழாயில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். எடை பகிர்வு இல்லாமல் இவ்வளவு, இருந்தால் இவ்வளவு. அத்தானின் ஸ்டிக்கரில் முதல் வரி 5,000 பவுண்டு, இரண்டாவது வரி 10,000. அவர் டிரெய்லர் முழுச் சாமானுடன் 6,400 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,900 கிலோ. இரண்டு வரிகளுக்கும் நடுவில் விழுகிறது. அவருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. இரண்டாவது வரியையும் தாண்டியிருந்தால் ஹிட்ச் வாங்கிப் பயனில்லை. வண்டியையே மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளின் கையேடுகள் எடை பகிர்வு ஹிட்சைப் பயன்படுத்தவே கூடாது என்கின்றன. அந்தக் கம்பிகள் தரும் முறுக்கை அவற்றின் உடற்சட்டம் தாங்காது. கையேடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தெருமுனை நிபுணர் என்ன சொன்னாலும்.

மூன்றாவது, ஏற்றி நிறுங்கள்

வெறும் டிரெய்லரை நிறுப்பதில் பொருளில்லை. பயணத்துக்குப் போவதுபோல எல்லாவற்றையும் ஏற்றுங்கள். தண்ணீர், பேட்டரி, பாத்திரம், மைனி கடைசி நேரத்தில் கொடுத்தனுப்பும் ஏத்தன்குலை வரைக்கும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். நம் மாவட்டத்தில் தடியும் ரப்பரும் நிறுக்கும் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. எங்களுடையது 980 கிலோ வந்தது.

நான்காவது, கொக்கி எடை

டிரெய்லரின் மூக்கு கொக்கியில் இறக்கும் பாரம், இதுதான் முக்கியமான எண். இதற்கு வீட்டில் உள்ள குளியலறைத் தராசு போதும். நேராக அதன்மேல் வைத்தால் பெரிய டிரெய்லர் தராசை உடைத்துவிடும் என்பதால் ஒரு நெம்புகோல் செய்துகொள்ளுங்கள்.

டிரெய்லரைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். தடிமனான ஒரு பலகையின் ஒரு முனை செங்கல் அடுக்கின் மேலும், மறுமுனை தராசின் மேலும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் பலகைக்கு அடியில் ஒரு துண்டு இரும்புக் குழாய் வைத்தால் தாங்கும் புள்ளி தெளிவாக இருக்கும். குழாய்க்குக் குழாய் சரியாக 90 சென்டிமீட்டர். வெறும் பலகைக்குத் தராசு காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 4 கிலோ. பிறகு செங்கல் பக்கத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி டிரெய்லரின் மூக்கை ஒரு கட்டையின் மேல் மெதுவாக இறக்குங்கள். டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். மூக்கு சாய்ந்தாலோ நிமிர்ந்தாலோ எண் பொய் சொல்லும்.

தராசு மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்குகிறது. எங்களுக்கு 22.3 காட்டியது. பலகையின் 4 போக 18.3, அதை மூன்றால் பெருக்க 55 கிலோ.

980 கிலோவுக்கு 55 என்றால் ஆறு சதவீதம்கூட இல்லை. அமெரிக்க டிரெய்லர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பியர் 5 முதல் 7 சதவீதத்தில் ஓட்டுகிறார்கள், ஆனால் அவர்களுடைய டிரெய்லர் கட்டமைப்பும் வேகக் கட்டுப்பாடும் வேறு. அங்கே எடை பகிர்வு ஹிட்ச் அரிதாக இருப்பதற்கும் இந்தக் குறைந்த கொக்கி எடை ஒரு காரணம்.

கொக்கி எடை குறைந்தால் டிரெய்லர் ஆடும் என்ற பாடம் இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்பே எங்களுக்குக் கிடைத்திருந்தது. ஆடி மாதம், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே எழுபது கிலோமீட்டர் வேகம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஒரு தட்டுத் தட்டியதும் டிரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல ஆடத் தொடங்கியது. மச்சான் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஆட்டம் மெல்ல அடங்கியது. அடுத்த டீக்கடையில் நிறுத்தி இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசவில்லை.

குற்றவாளி தண்ணீர் டேங்க். அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் வைத்திருந்தோம். அதைக் கழற்றி அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தோம். 1.8 மீட்டர் நகர்ந்த 100 கிலோ, அச்சிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர். ஆகவே கொக்கியில் 60 கிலோ கூடியது. இப்போது 115 கிலோ, ஏறக்குறைய 12 சதவீதம். ஹிட்ச் வாங்கியிருந்தால் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் மறைத்திருக்கும், காரணத்தைத் தொட்டிருக்காது.

ஐந்தாவது, டேப்

டிரெய்லர் இல்லாமல், ஆட்களும் சாமானும் ஏறிய நிலையில், முன்சக்கரத்தின் நடுவுக்கு நேர் மேலே தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பின்சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு டிரெய்லரைக் கோர்த்து மறுபடி அளங்கள். முன்பக்கம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு அங்கே பாரம் குறைந்திருக்கிறது.

கிலோவில் வேண்டுமென்றால் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. கொக்கி எடையைப் பின் அச்சிலிருந்து உருண்டை வரை உள்ள தூரத்தால் பெருக்கி, இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். எங்கள் ஜீப்பில் 115 × 1.2 ÷ 2.7, சுமார் 51 கிலோ. முன்சக்கரங்கள் அதை இழக்கின்றன, பின் அச்சு 166 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தால் இதைச் சரிபார்க்கலாம். டேப்பில் எங்களுக்கு உயர்ந்தது 8 மில்லிமீட்டர். அத்தானுக்கு 3 சென்டிமீட்டர்.

முடிவு எடுக்கும் நேரம்

ஸ்டிக்கரோ கையேடோ கட்டாயம் என்றால் வாங்குங்கள். டிரெய்லரின் எடை வண்டியின் எடையில் பாதியைத் தாண்டினால், அல்லது பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி அமர்ந்து, இரவில் ஹெட்லைட் தென்னை மரத்தின் குலையைத் தேடினால், தேவை என்றே எண்ணி மேற்கொண்டு அளந்து பாருங்கள். பாதி என்பது கைக்கணக்கு, சட்டமில்லை. எங்கள் டிரெய்லர் பாதியைச் சற்றே தாண்டும். ஆனாலும் எங்கள் கொக்கியின் எல்லை 150 கிலோ, இறங்குவது 115, முன்பக்கம் உயர்ந்தது 8 மில்லிமீட்டர், கையேடும் கேட்கவில்லை. நாங்கள் வாங்கவில்லை. அந்தப் பணம் டிரெய்லரின் பிரேக்குக்குப் போனது. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நம் மலைச்சாலை இறக்கங்களில் 980 கிலோவைப் பிரேக் இல்லாமல் இழுக்க எனக்குத் துணிவில்லை.

வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைப் பழைய உயரத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று கம்பிகளை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். பல பிக்கப்களின் கையேடுகள் உயர்ந்ததில் பாதியைத் திரும்ப இறக்கினால் போதும் என்கின்றன. அத்தானுக்கு 94 சென்டிமீட்டர் 97 ஆகியிருந்தது; 95.5-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்சக்கரங்கள் லேசாகி, மழைச் சாலையின் வளைவில் வண்டியின் வால் விலகும். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்துக்காரர்கள் இதை அடிக்கோடிட்டு வையுங்கள். டிரெய்லரில் தள்ளுவிசையால் இயங்கும் பிரேக் இருந்தால், அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஹிட்ச் தானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், எல்லாம் ஒத்துப்போகாது.

அத்தான் போன வாரம் மறுபடி அழைத்தார். டிரெய்லரின் பின்புறம் இரண்டு சைக்கிள்களைக் கட்டப்போகிறாராம். மறுபடியும் பலகையையும் தராசையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.